வேலும் கோலும்

கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டு பேரை அருகருகே நிறுத்திக் காட்டுகிறார். ஒருவன் வேலோடு வழிமறித்து, கையிலிருப்பதைக் கொடு என்கிறான். இன்னொருவன் செங்கோலோடு நின்று குடிகளிடம் பொருள் கேட்கிறான். இருவருக்கும் வேற்றுமை இல்லை என்பது வள்ளுவர் தீர்ப்பு. இரண்டாமவன் பணிவாகவே கேட்கலாம். ஆனாலும் மறுக்க முடியாதவனிடம் கேட்பது கேட்பதாகாது. உரைகாரர்கள் அந்தக் குறளைப் பேராசை பிடித்த அரசனைப் பற்றியது என்று விளக்கிவிட்டு மேலே போய்விடுவார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதில் முடிகிற செய்தியாகத் தெரியவில்லை. வேலேந்தி வந்த ஒருவனே பிறகு கோலேந்தினால், அதுவும் நல்ல மனம் படைத்தவனாக இருந்துவிட்டால், அப்போது அந்தக் குறள் என்ன சொல்லும்? தர்மபுரியின் வரலாற்றில் அந்தக் கேள்விக்கு ஓர் ஆள் இருக்கிறார். தாமஸ் மன்றோ.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை இழந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த பங்கில் பாராமகால் ஒன்று. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்து நிலம் அது. மைசூர் மேட்டுநிலத்துக்கும் கீழ்நாட்டுச் சமவெளிக்கும் நடுவில் மலைகள் சூழக் கிடக்கும் இந்தப் பூமிக்குக் கோட்டைகள் நிறைய, மழை குறைவு. கணவாய்கள் இருக்கும் நாட்டில் படைகள் வந்துகொண்டேதான் இருக்கும். 1767இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் மைசூருக்கும் கம்பெனிக்கும் மூன்று போர்கள் நடந்தன. காவேரிப்பட்டணமும் கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் அந்தப் போர்க்கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். ராகியும் சாமையும் கொள்ளும் விதைத்த குடியானவனுக்கு எந்தக் கொடி மலையுச்சியில் பறந்தாலும் ஒன்றுதான். இரண்டு படைகளின் மாடுகளும் தின்றது அவன் தட்டையைத்தான்.

புதிதாக வந்த நிலத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் யோசித்தார். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகள்மேல் அவருக்கு நம்பிக்கையில்லை. நாட்டு மொழி அவர்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள் சொன்னதுதான் அவர்களுக்கு வேதம். ஆகவே ராணுவத்திலிருந்து ஆள் எடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமை. அவருக்குக் கீழே மூன்று ராணுவ அதிகாரிகள்: கிரஹாம், மக்ளியட், மன்றோ. ரீட் திருப்பத்தூரில் தங்கினார். மன்றோவுக்கு நடுப்பகுதி கிடைத்தது, தர்மபுரி அவருடைய இருப்பிடமாயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761இல் பிறந்தவர் மன்றோ. தந்தை அமெரிக்காவோடு புகையிலை வாணிபம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வாணிபத்தைக் கவிழ்த்தது, குடும்பம் நொடித்தது. பையன் 1780 ஜனவரியில் கம்பெனிப் படையின் கடைநிலைப் பயிற்சி வீரனாகச் சென்னையில் வந்து இறங்கினான். அதே ஆண்டு மைசூரின் ஹைதர் அலி கீழ்நாட்டுச் சமவெளிக்குள் இறங்கினார். அடுத்த பன்னிரண்டு ஆண்டு மன்றோவின் வாழ்க்கை கூடாரத்திலும் வழிநடையிலும் போயிற்று. இந்தியாவுக்கு வந்து மூன்று ஆண்டுவரை புத்தகமோ தோட்டாப் பையோ தவிர வேறு தலையணை தனக்கு இருந்ததில்லை என்று தங்கைக்கு எழுதியிருக்கிறார். அந்த வறுமையிலும் பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் படித்தார். சிறு வயதில் கண்ட மணல்வாரி அம்மையால் அவருக்குக் காது சற்று மந்தம். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் ஏழு ஆண்டுகள் தர்மபுரிக் குடியானவர்களின் வழக்குகளைக் கேட்டார். இதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் மதிப்பு வராமல் இருப்பதில்லை.

அவர்கள் செய்த வேலை வெளியிலிருந்து பார்த்தால் வறட்சியானது. நிலத்தை அளந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வயலுக்கும் சங்கிலி பிடித்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்து, மண்ணின் தரம் பார்த்து, யார் உழுகிறார் என்று பெயர் எழுதினார்கள். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் ஊரையோ பல ஊர்களையோ ஒருவன் குத்தகைக்கு எடுப்பான். அரசுக்கு ஒரு தொகை ஒப்புக்கொண்டு, கீழே அதைவிடக் கூடுதலாக வாங்குவான். எவ்வளவு கூடுதல் என்று அரசுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அரசுக்கு ஆவலும் இல்லை. ரீடும் மன்றோவும் அந்த நடுவாளை எடுத்துவிட்டு நேரே உழுகிறவனிடம் கணக்குப் பேசினார்கள். ரயத்துவாரி என்று பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய முறை இங்கே, இந்தச் செம்மண்ணில் பிறந்தது. இன்று தாலுகா அலுவலகத்தில் நாம் கேட்டு வாங்கும் பட்டாவும் சிட்டாவும் அடங்கலும், ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியும் அந்த முறையின் வழியில்தான் நம்மிடம் வந்து சேர்ந்தன.

இதன் கனம் என்னவென்று நினைத்துப் பார்க்க வேண்டும். கர்ணம் ஒரு கணக்கு வைத்திருப்பார், ஊர்ப் பெரியவர் வேறொன்று சொல்வார், உழுகிறவன் மூன்றாவதாக ஒன்று சொல்வான். மூன்றையும் கேட்டு, வயலில் போய் நின்று பார்த்து, ஒரு முடிவுக்கு வர வேண்டும். காலையில் கூடாரத்தின் முன் கூடும் கூட்டம் இரவுவரை கலையாது. கிணறு தூர்ந்ததைச் சொல்ல ஒருவன், வரப்புத் தகராறோடு ஒருவன், போன ஆண்டு மாடு செத்ததால் நிலம் தரிசாகிவிட்டது என்று ஒருவன். ஓர் அரசு தன் குடியைப் பெயர் சொல்லி அறியத் தொடங்குவது இப்படித்தான். கோட்டையைப் பிடிக்க ஒரு நாள் போதும். குடியானவனின் வயலை அறியப் பருவங்கள் கடக்க வேண்டும். மழை பெய்த ஆண்டையும் பொய்த்த ஆண்டையும் கூட இருந்து பார்க்க வேண்டும். மன்றோ அப்படிப் பார்த்தார். தர்மபுரியில் அவர் போட்ட தோட்டத்தின்மேல் அவருக்கிருந்த பிரியம் அவருடைய கடிதங்களில் தெரிகிறது. 1799இல் இங்கிருந்து கன்னடக் கடற்கரைக்கு மாற்றியபோது மனமில்லாமல்தான் போனார்.

ஆனால் அந்தக் கூடாரத்தின் முன் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் போய் முடிந்தன. நீ எவ்வளவு கட்டுவாய்? கிணறு ஏன் தூர்ந்தது, மாடு ஏன் செத்தது, எல்லாமே அந்தத் தொகையை நிர்ணயிப்பதற்குத்தான். எதிரே நின்றவன் குறைத்துக் கேட்கலாம், கெஞ்சலாம், நிலத்தை விட்டுவிட்டு ஊரைவிட்டே போகலாம். கட்ட மாட்டேன் என்று சொல்ல மட்டும் முடியாது. குறளில் கோலோடு நின்றவன் இங்கே நல்லவன், நேர்மையானவன், லஞ்சம் தொடாதவன். பொறுமையாகக் காது கொடுக்கிறான். ஆனாலும் அவனுக்குப் பின்னால் வேல் இருக்கிறது. கூடாரத்தின் முன் நின்ற ஒவ்வொருவனுக்கும் அது தெரியும்.

மன்றோ போன பிறகு இங்கே என்ன நடந்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1802 முதல், வங்காளத்து ஜமீன் முறையைப் பார்த்துச் சேலத்தையும் பாராமகாலையும் மிட்டாக்கள் என்னும் சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டது கம்பெனி. ஏழு ஆண்டு சங்கிலி பிடித்து, வயல் வயலாக எழுதி, குடியானவனுக்கு நேராக நின்று பேசிய முறை, பிறந்த இடத்திலேயே அழிக்கப்பட்டது. ஏலத்தில் அதிகம் கேட்டவர் மிட்டாதார் ஆனார். முன்பு குத்தகைதாரன் நின்ற இடத்தில் மீண்டும் ஒரு நடுவாள் வந்து நின்றான். ஒப்புக்கொண்ட தொகையைக் கட்ட முடியாமல் பல மிட்டாதார்கள் நொடித்துப் போனார்கள். அதுவரை அவர்கள் கீழே எப்படி வாங்கியிருப்பார்கள் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தர்மபுரிக் குடியானவன் செய்த பிழை ஏதுமில்லை. நல்ல அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனார். கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்தவர்களுக்கு வேறொரு கொள்கை பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான்.

இதே நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் படைத்தலைவர் ஒருவரின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாமஸ் ரொபேர் புழோ 1784இல் லிமோஜ் நகரில் பிறந்தவர். நெப்போலியனின் படையில் சாதாரண வீரனாகச் சேர்ந்து ஆஸ்டர்லிட்ஸில் போரிட்டார், ஸ்பெயினில் பெயர் பெற்றார். 1815இல் நெப்போலியன் வீழ்ந்ததும் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். அதை ஒப்புக்குச் செய்யவில்லை. மண்ணை வளப்படுத்தும் தீவனப் பயிர்களைக் கொண்டுவந்தார், சுற்றுவட்டார விவசாயிகளைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். உழவை நேசித்த போர்வீரர் அவர். 1830க்குப் பிறகு மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டு, 1840இன் கடைசியில் அல்ஜீரியாவின் கவர்னர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். வாளாலும் ஏராலும் ஆள்வது என்பதையே தன் கொள்கைமொழியாக வைத்துக்கொண்டார். நடைமுறையில் அல்ஜீரிய உழவனுக்கு வாய்த்தது வாள். ஏர் பிரெஞ்சுக் குடியேறிகளுக்கு. அவருடைய படைகள் கதிரை எரித்தன, பழமரங்களை வெட்டின, மண்ணுக்கடியில் குதிர் அமைத்துச் சேர்த்த தானியத்தைத் தோண்டி எடுத்தன. 1845 ஜூனில் தாஹ்ரா மலைக்குகைகளில் பெண்களும் குழந்தைகளுமாக ஒளிந்திருந்த ஒரு குலத்தாரை, குகைவாயில் தீ மூட்டிப் புகையால் நூற்றுக்கணக்கில் கொன்றார் அவருக்குக் கீழிருந்த கர்னல் பெலிஸியே. பாரிஸில் கண்டனம் எழுந்தபோது புழோ அந்தக் கர்னலுக்காகப் பரிந்து நின்றார், பொறுப்பைத் தானே ஏற்றார்.

மன்றோவும் புழோவும் ஒன்றல்லர். அப்படிச் சொல்வது இருவருக்கும், முக்கியமாகக் குகைக்குள் செத்தவர்களுக்கும், இழைக்கும் அநீதி. உழுகிறவனின் தானியம் எவ்வளவு என்று எழுதிவைத்தவருக்கும் அந்தத் தானியத்தைக் கொளுத்தச் சொன்னவருக்கும் இடையில் மலையளவு தூரம். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மண்ணையும் பயிரையும் அறிந்தவர், சொந்த ஊரில் நல்ல பண்ணையார், பக்கத்து விவசாயிக்கு உதவியவர், கடல் தாண்டியதும் இப்படி ஆக முடிந்தது. தர்மபுரிக்கு மன்றோ வந்ததும் அல்ஜியர்ஸுக்குப் புழோ வந்ததும் அந்தந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்து நடந்ததல்ல. எந்தப் படையதிகாரி வந்து வாய்ப்பார் என்பது அவர்கள் கையில் இல்லை.

இதை மன்றோ உணர்ந்திருந்தார் என்பதே அவரை எனக்கு முக்கியமானவராக்குகிறது. 1800 முதல் ஏழு ஆண்டு, நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பை, அனந்தபூர்ப் பகுதிகளை ஆண்டார். அங்கே அரசு வாங்கும் வரி, மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 45 அளவுக்கு இருப்பதாக அவரே கணக்கிட்டு, நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807இல் எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் சாட்சி சொன்னபோது, நாகரிகத்தை இரு நாடுகளும் சரக்காகப் பரிமாறிக்கொண்டால் லாபம் இங்கிலாந்துக்கே என்றார். இந்திய உழவு, கைத்தொழில், ஊர்தோறும் இருந்த பள்ளி ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தவரின் சாட்சியம் அது. மராத்தியப் போரில் சிறு படையோடும் உள்ளூர் ஆட்களோடும் பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைப் பிடித்துப் படைத்தலைவராகவும் பெயர் பெற்றார். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் போர் தொடங்குவதற்குச் சற்று முன், 1817இல், கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் எனக்குக் கோட்டைகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆங்கிலேயர் பிடித்த நாட்டில் அமைதி வரலாம், பாதுகாப்பு வரலாம், ஆனால் நாட்டின் உயர்ந்த பொறுப்புகள் எதிலும் பங்கில்லாமல் வாழும் மக்கள் உயர மாட்டார்கள், தாழ்ந்துதான் போவார்கள் என்ற கருத்தை அதில் வைக்கிறார். வென்று ஆள்பவர்களின் படையதிகாரி ஒருவர், அவர்களின் தலைவருக்கே எழுதுகிறார். 1820இல் சென்னை கவர்னராகத் திரும்பியதும் ரயத்துவாரியை மாகாணத்தின் பொது முறையாக்கினார். தான் ஒருகாலத்தில் கேட்டு மறுக்கப்பட்ட வரிக்குறைப்பைத் தானே கொடுத்தார். 1822இல் மாகாணத்து நாட்டுப்பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,000க்கு மேற்பட்ட மாணவர் என்று கணக்கு வந்தது. 1824 டிசம்பர் 31 அன்று எழுதிய குறிப்பில் இன்னும் தூரம் போனார். இந்தியரை உயர் பதவிகளுக்குக் கொண்டுவர வேண்டும், தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் நாள் ஒன்று அவர்களுக்கு வரும், அதுவரைதான் நமக்கு இங்கே வேலை என்னும் கருத்தை அரசுக் காகிதத்திலேயே பதிவு செய்தார்.

அதிலும் ஒரு மேட்டிமை இருக்கிறது. அந்த நாள் எப்போது வந்தது என்று தீர்மானிப்பவர் யார்? தயாராகிவிட்டாயா என்று கேட்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? அதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அவருடைய இடத்திலிருந்து அதிகம் பேர் அதைக்கூடச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

1827 ஜூலை 6 அன்று, பணிக்காலம் முடிந்து ஊருக்குப் புறப்படும் முன், தான் முன்பு ஆண்ட மாவட்டங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனவர், பத்திகொண்டாவில் காலராவால் ஒரே நாளில் இறந்தார். புழோவும் 1849இல் பாரிஸில் காலராவால்தான் இறந்தார். அல்ஜியர்ஸில் வைத்த புழோவின் சிலையை 1962க்குப் பிறகு நாட்டில் நிற்க விடவில்லை. அது இருந்த சதுக்கத்தில் இன்று, அவரை எதிர்த்துப் போராடிய எமிர் அப்துல் காதர் குதிரைமேல் இருக்கிறார். மன்றோ சென்னைத் தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரைமேல் இன்னும் இருக்கிறார். நாம் அந்தச் சிலையை விட்டுவைத்தது நம் மறதியால் என்று நான் நினைக்கவில்லை. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த ஊர்கள் ஆந்திரப் பக்கம் இருந்தன. மக்கள் ஒருவரை மதிக்கவும் தெரிந்தவர்கள், அளக்கவும் தெரிந்தவர்கள்.

ஆனால் அவருடைய முறைக்கு என்ன ஆயிற்று? 1855இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. கிஸ்தி கட்டாத குடியானவனை வெயிலில் குனிய வைத்துக் கட்டினார்கள். விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். இதைச் செய்தவர்கள் வருவாய்த்துறைக் கீழ்நிலை ஆட்கள். நடுவாள் இல்லாமல் அரசே குடியானவனிடம் நேராகப் பேச வேண்டும் என்று மன்றோ ஆசைப்பட்டார். அவர் இல்லாத காலத்தில் அரசு நேராகத்தான் வந்தது, கையில் கிட்டியோடு. 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தைத் தாக்கியபோது, குடியானவன் பெயரும் வயலும் தரமும் எழுதிய கணக்கு கச்சேரியில் இருந்தது. அந்தக் கணக்கு அவனைக் காப்பாற்றவில்லை.

குறளிடம் நான் கேட்ட கேள்விக்கு இங்கேதான் எனக்கு விடை தெரிகிறது. வேலேந்தியவனே கோலேந்தி, அவன் நல்லவனாகவும் இருந்தால், குடிகளுக்குக் கிடைப்பது ஒரு நல்ல காலம். காலம் என்பது முடியக்கூடியது. கருணை ஆள்பவனுடைய குணம், அது அவனோடு பயணம் போய்விடும். மாற்றல் உத்தரவு போதும், ஒருநாள் நோய் போதும். உரிமை மட்டுமே ஆளப்படுகிறவனின் கையில் தங்கும், ஏனென்றால் அதை அவன் யாரிடமும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. ஆள வந்தவன் செய்யக்கூடிய பெரிய நன்மை, தன் கருணை தேவைப்படாத இடத்துக்குத் தன் குடிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மன்றோ அந்த இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தார். அவரால் அங்கே கூட்டிப்போக முடியவில்லை. கம்பெனியின் ஊழியராக இருந்துகொண்டு யாராலும் முடிந்திருக்காது. அந்த வழியை நடந்தவர்கள் ஆளப்பட்டவர்கள்தான்.

1948இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் ஜமீன்களையும் மிட்டாக்களையும் ஒழித்து அந்த நிலங்களை ரயத்துவாரியாக மாற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஆட்சியின் தலைவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1946இல் அந்த மன்றத்தைத் தேர்ந்தெடுக்க எல்லோருக்கும் ஓட்டு இருக்கவில்லை. வயதுவந்த அனைவரும் ஓட்டுப் போட 1952வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் 1802இல் ஏலம் போன நிலத்தைப் பற்றி இம்முறை முடிவெடுத்தது கல்கத்தாவும் அல்ல, லண்டனும் அல்ல. அந்தச் சட்டத்தின்படி, சேலம் மாவட்டத்துக்குள் இருந்த தர்மபுரிப் பக்கத்து மிட்டா நிலத்தில் உழுதவர், பட்டா தன் பெயருக்கு வேண்டும் என்று செட்டில்மெண்ட் அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். அதிகாரி மிட்டாதார் பக்கம் தீர்ப்புச் சொன்னால் அதோடு முடிந்துவிடவில்லை. தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேலே, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், அரசு சொன்னது தவறு என்று வாதாடலாம்.